எங்கள் வீட்டுத் துளசி

எங்கள் வீட்டு மாடத்தில் இருந்த துளசி அப்பாயி வைத்தது. எனக்குச் சளி பிடித்தால் அதில்தான் நாலு இலை பறித்துக் கசக்கிச் சாறு கொடுக்கும். போன தை மாதம் அப்பாயி இறந்துவிட்டது. அதன் பிறகு தண்ணி ஊற்றுவது என் வேலை. நானும் காலை, மதியம், சாயங்காலம் என்று குடம் குடமாக ஊற்றினேன். செடி காய்ந்துவிட்டது! அப்பா என்னைத் திட்டவில்லை. ஆனால் மாடத்தைப் பார்க்காமலே வேலைக்குப் போவார். அதற்குப் பதில் ரெண்டு அடி அடித்திருக்கலாம்.

கோடை விடுமுறையில் சென்னையில் உள்ள சித்தி வீட்டிற்குப் போனேன். சித்தி என்னைக் கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்காவிற்குக் கூட்டிப் போனார். 2010-ல் திறந்ததாம். வெளியே ஒரே பஸ் சத்தம். உள்ளே போனால் நம்ம ஊர்த் தோப்பு மாதிரி குளுகுளு என்று இருந்தது. அங்கே செடி வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எங்கள் துளசியைப் பற்றிச் சொன்னேன். “தண்ணி தேங்கினா வேர் அழுகிடும் கண்ணு. மண்ணைத் தொட்டுப் பாரு, காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. பூக்கதிரைக் கிள்ளி விட்டா நல்லா கிளைக்கும்” என்றார். அவ்வளவு பெரிய பூங்காவில் எனக்கு அந்த அம்மாவைத்தான் ரொம்பப் பிடித்தது.

ஊருக்கு வந்ததும் காய்ந்த செடியில் இருந்த கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். கடுகைவிடப் பொடியாக விதை விழுந்தது. மாடத்து மண்ணில் மணல் கலந்து தூவினேன். ஒன்பதாம் நாள் முளைத்துவிட்டது! இப்போது ஆறு இலை விட்டிருக்கிறது.

நேற்றுக் காலையில் பார்த்தால், கோழி கிளறாமல் இருக்க யாரோ சுற்றி முள் வைத்திருந்தார்கள். அப்பா கையில் முள் கீறல் இருந்தது.