சரியான விடையை விசாரித்தல்

விடைத்தாள் திருத்தும்போது தவறான விடையில்தான் எல்லோருடைய கண்ணும் நிற்கும். என் கண் சரியான விடையில் நிற்கும். ஒரு பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்கிறதா, படித்துப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்க வந்தவர், முதலில் விசாரிக்க வேண்டியது சரியாக எழுதியதைத்தான். இந்த விடை எங்கிருந்து வந்தது? படித்து வந்ததா, வீட்டில் தெரிந்த சமாச்சாரமா, கைடில் உருப்போட்டதா, பக்கத்துப் பெஞ்சா, நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டதா? திருப்பதியிலும் சித்தூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிற எனக்கு, தேர்வு என்றால் இந்த விசாரணைதான்.

மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் தோத்தாபுரி மாங்காயைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து, "இந்தக் காய் பெரும்பாலும் எதற்குப் போகிறது?" என்று கேட்டால் வகுப்பே சரியாக எழுதிவிடும். ஜூன், ஜூலையில் பல்ப் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் மைல் கணக்கில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பத்தியில் ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம், கூழ் என்று எழுதினால் போதும். அந்த மதிப்பெண் மாங்காயைப் பற்றிய அறிவுக்குக் கிடைத்தது. ஆங்கிலத்துக்குக் கிடைத்ததாகப் பதிவேட்டில் ஏறிவிடும்.

அதனால் எந்தப் பத்தியையும் தேர்வுக்கு வைக்கும் முன் வேறு ஒரு பிரிவில் கேள்விகளை மட்டும் கொடுத்துப் பார்ப்பேன். பத்தி கிடையாது. பிள்ளைகள் திகைப்பார்கள், அப்புறம் உற்சாகமாக எழுதுவார்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலே நூற்றுக்கு 25 பேர் சரியாக வருவார்கள். பாதி வகுப்பு சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பத்தியே தேவைப்படவில்லை என்றுதான் பொருள். எடுத்துவிடுவேன். நீளமான விடைதான் சரி, 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வருவது தப்பு என்ற கணக்கெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அத்துப்படி. கேள்வி எழுதுகிறவருக்குத்தான் அது பல நேரம் தெரிவதில்லை.

மாங்காய்ப் பத்தியை நான் தூக்கி எறியவில்லை. அதில் ஒரு விவசாயியைக் கொண்டுவந்தேன். அந்த வருஷம் ஃபேக்டரி சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை, காயைத் திருப்பிக் கொண்டுபோய் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்றார் என்று எழுதினேன். கேள்வி அதேதான். இப்போது படித்த பிள்ளை ஊறுகாய் என்று எழுதும், படிக்காத பிள்ளை கூழ் என்று எழுதும். ஊர் அறிவு ஒரு பக்கமும் பத்தி இன்னொரு பக்கமும் இழுக்கிற இடத்தில் கேள்வியை வைத்தால்தான் படிப்பு தெரியவரும்.

பொதுத்தேர்வில் இந்த விசாரணைக்கு இடமில்லை. ஆந்திரப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. வினாத்தாளைப் படிக்கப் பதினைந்து நிமிஷம் தனியாகத் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் படித்துப் புரிதல் என்ற பகுதியில் பாடப்புத்தகத்திலிருந்தே எடுத்த பத்திகள் வருகின்றன. இப்போது பத்தாம் வகுப்புக்கு என்சிஇஆர்டியின் 'ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. அதில் முதல் பாடத்தில் லெஞ்சோ என்ற விவசாயி கடவுளுக்குக் கடிதம் எழுதி நூறு பெசோ கேட்கிறான். வருஷம் முழுக்க அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பி, எவ்வளவு கேட்டான் என்று கேட்டாலும் நூறு பெசோ என்று சொல்லும். பத்தியை அச்சிட்டு, கீழே அந்தக் கேள்வியையும் போட்டு, படித்தலை அளந்துவிட்டோம் என்கிறோம். அது ஞாபகத்தின் அளவு. ஞாபகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதற்கு வேறு பெயரில் மதிப்பெண் போடலாம் என்கிறேன்.

கேட்டல் அந்தத் தாளில் இல்லவே இல்லை. பரீட்சையில் இல்லாதது வகுப்பிலும் மெல்ல இல்லாமல் போகும். பாடத்தில் கேட்டல் பயிற்சி வந்தால், "அது பப்ளிக்குக்கு வராது" என்ற ஒரே வாக்கியத்தில் பக்கம் புரண்டுவிடுகிறது.

கொஞ்சம் மூத்த பிள்ளைகளை இதே மொழிக்காகச் சீனாவில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பயன்பட்டது. அங்கே மேல்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் காவ்காவ் நுழைவுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். பல மாகாணங்கள் பயன்படுத்தும் தேசிய வினாத்தாளில் கேட்டலுக்கு 30, படித்தலுக்கு 50. கேட்டலில் இருபது கேள்விகள். முதல் ஐந்து சிறு உரையாடல்கள் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும், அடுத்து வரும் நீண்டவை இரண்டு தடவை. பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் கணினியில், 50 மதிப்பெண்ணுக்கு. படிக்கிற பத்திகள் எல்லாமே பிள்ளை முன்பு பார்க்காதவை. தெற்குச் சீனக் கிராமத்துப் பையனுக்கும் வீட்டில் ஆங்கிலம் கிடையாது, சத்தியவேடு கிராமத்துப் பையனுக்கும் கிடையாது. ஆனால் அவன் தேர்வறையில் அந்நியக் குரலைக் கேட்டாக வேண்டும். அதனால் அவன் வகுப்பிலும் அந்தக் குரல் ஒலிக்கிறது. அங்கேயும் தப்பிக்கிற வழிகள் உண்டு. ஒலி வரும் முன்பே விடைகளைப் படித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒரு விலை, ஒரு நேரம், ஒரு இடத்தின் பெயர் காதில் விழுகிறதா என்று மட்டும் காத்திருக்கப் பழக்குகிறார்கள். நம் பிள்ளைக்கு மனப்பாடம், அவர்களுக்கு உத்தி. இரண்டிலும் சரியான விடை வந்துவிடும், புரிதல் வந்ததா என்பது தெரியாது.

ஒரு தடவை அப்படி ஒரு தேர்வு எங்கள் பிள்ளைகளுக்கும் வந்தது. 2023 ஜூனில் ஆந்திர அரசு அமெரிக்காவின் ஈடிஎஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மூன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு டோஃபெல் பிரைமரி, ஆறு முதல் ஒன்பது வரை டோஃபெல் ஜூனியர். 2024 ஏப்ரலில் தேர்வு நடந்தது. ஜூனில் ஆட்சி மாறியபின் திட்டம் கைவிடப்பட்டது. அதன் செலவையும் அரசியலையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு அதில் முக்கியம், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் தடவையாகக் கேட்டலுக்கென்று ஒரு தேர்வைச் சந்தித்தார்கள் என்பதுதான். டோஃபெல் ஜூனியரின் வழக்கமான வடிவத்தில் கேட்டல், மொழியமைப்பு, படித்தல் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் 42 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 300 வரை தனித்தனி மதிப்பெண். கேட்டலும் படித்தலும் தனித்தனி எண்ணாக வரும். ஒரே எண்ணுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடுகிற நம் வழக்கத்துக்கு இது புதிது.

அந்தப் பயிற்சி மாதங்களில் வகுப்புச் சுவரிலிருந்த பெரிய தொடுதிரைப் பலகையில் ஒலியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தாளில் ஒரு சொல்லும் தெரியாதது இருக்காது. காதில் ஒன்றும் ஏறாது. 'கேன்', 'கேன்ட்' இரண்டையும் அமெரிக்கக் குரல் சொல்லும்போது கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும். நாங்கள் 'கான்ட்' என்று அழுத்திச் சொல்லிக் கேட்ட பிள்ளைகளுக்கு முடியும் என்பதும் முடியாது என்பதும் ஒன்றாக விழும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' அப்படித்தான். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளையும் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள்.

"டீச்சர், இன்னொரு தபா போடுங்க. இல்லன்னா நீங்களே படிச்சிருங்க."

நானே படித்தால் எல்லோரும் எழுதிவிடுவார்கள். காரணம் கேட்டல் இல்லை. விடை இருக்கிற சொல்லுக்கு முன்னால் ஆசிரியரின் குரல் ஒரு கணம் நிற்கும். அந்தச் சொல் கொஞ்சம் உயரும். கண் தாளை விட்டு வகுப்பைப் பார்க்கும். உதடு விரியும். பிள்ளைகள் இதையெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறவர்கள். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை, பாடம் நடத்துகிற குரலின் குணம் அது. பாடத்துக்கு அந்தக் குரல் வேண்டும், அளப்பதற்கு ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. திருப்பதியில் ஆங்கிலம் தனியாக வருவதே இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் எத்தனையாவது பிளாட்ஃபாரம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, தெலுங்கிலும் கூடவே சொல்லிவிடுகிறார்கள். மற்ற பாடப்புத்தகங்களில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, நான் அதை ஆதரிக்கிறவள். ஆனால் கண்ணும் காதும் ஆங்கிலத்தைத் தாண்டிப் பக்கத்திலிருப்பதற்குப் போய்ப் பழகிவிடுகின்றன. நகரி, புத்தூர்ப் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு எதிர்ப்பக்கத்துத் தெலுங்கும் பள்ளியில் கற்றதுதான். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் தவறினால் எந்த மொழியின் வாசலில் தவறியது என்று பார்க்காமல் மதிப்பெண் போடக்கூடாது.

டோஃபெல் ஒலிப்பதிவுகளில் ஒரு குறையும் இருந்தது. அமெரிக்கப் பள்ளியின் லாக்கர், கேஃபடீரியா, மஞ்சள் பஸ். சந்திரகிரிப் பக்கத்துப் பிள்ளைக்கு லாக்கர் என்றால் பேங்க். மொழி தெரிந்தும் அங்கே தவறும். மாங்காய்ப் பத்தியில் ஊர் அறிவு தூக்கிவிட்டது, இங்கே ஊர் அறியாமை தள்ளிவிடுகிறது. இரண்டுமே அளவைக் கெடுக்கும்.

விடைகளை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் கேட்டல் தேர்வு படித்தல் தேர்வாகிவிடும். அதனால் வகுப்புத் தேர்வில் நான் விடைகளை அச்சிடுவதில்லை. படம், எண், வரைபடம். காதில் விழுகிற வழியைப் பென்சிலால் இழுத்துக் காட்டச் சொல்வேன். அதிலும் திருப்பதி வரைபடம் ஆகாது. ஸ்டேஷனிலிருந்து கோவிந்தராஜ சாமி கோயிலுக்கு வழி எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எங்கும் இல்லாத ஓர் ஊரை வரைந்து, ஆற்றுக்கு மேற்கே தபால் நிலையம், பாலம் தாண்டி இரண்டாவது சந்து என்று வைப்பேன். கோடு எங்கே பிசகியது என்று பார்த்தாலே காது எந்தச் சொல்லில் விட்டது என்று தெரிந்துவிடும். இதைப் போல் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்த விடைத்தாள் வேறில்லை.

படித்தலுக்கு வருகிறேன். அதிகாரி பார்வையிட வந்தால் ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்வார். கணீரென்று படித்தால் திருப்தி. 2023இல் பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அசர் என்ற கல்வி ஆய்வை நடத்தியவர்கள் ஆங்கில வாக்கியங்களைப் படிக்கச் சொன்னதோடு பொருளையும் கேட்டார்கள். படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களிலும் நான்கில் ஒருவருக்குமேல் பொருள் சொல்ல முடியவில்லை. அந்த ஒருவர் என் எல்லா வகுப்பிலும் இருக்கிறார். பெரும்பாலும் முதல் பெஞ்சில், நல்ல உச்சரிப்போடு.

'தி ஷாப் வில் நாட் ஓபன் அன்லெஸ் இட் ரெயின்ஸ்' என்று பலகையில் எழுதினேன். குடைக்கடையைப் பற்றிய கதையில் வருகிற வரி. ஒரு பெண் பிசிறில்லாமல் படித்தாள். தமிழில் சொல்லச் சொன்னேன்.

"மழ பெஞ்சா கட தெறக்க மாட்டாங்க, டீச்சர்."

உலக வழக்கம் அது. எங்கள் ஊரில் மழை பெய்தால் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். 'அன்லெஸ்' என்ற ஒரு சொல் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டது அவள் கண்ணில் படவில்லை. பின்பெஞ்சில், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் ஒருவன் தயங்கித் தயங்கி, "மழ பேஞ்சாத்தான் தெறப்பாங்களா? கொட விக்கிறவரா அவரு?" என்றான். உரக்கப் படிக்கிற தேர்வில் அவனுக்கு மூன்று, அவளுக்கு ஒன்பது. வீட்டு மொழியில் சொல்லச் சொல்வதை ஆங்கில வகுப்பில் தவறு என்று நினைக்கிற சகாக்கள் எனக்கு உண்டு. பிள்ளை படித்ததைத் தெரிந்துகொள்ள அதைவிட நேரான வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அது எழுதுவதற்கான தேர்வு, அதை வேறொரு நாள் வைக்கலாம்.

பத்தாம் வகுப்புத் தாளில் நூறில் பத்தையாவது கேட்டலுக்கு ஒதுக்க வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களிலெல்லாம் கேட்டு வருகிறேன். ஒரே ஒலிப்பதிவு, எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில். குரல் இந்தியக் குரலாகவே இருக்கட்டும், நம் பிள்ளைகள் நாளை வேலையில் கேட்கப்போவது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அவர்களுடைய டீச்சரின் குரலாக இருக்கக்கூடாது. தென்கொரியாவில் நுழைவுத்தேர்வின் ஆங்கிலக் கேட்டலை ஒட்டி முப்பத்தைந்து நிமிஷம் நாடு முழுக்க விமானங்கள் ஏறவும் இறங்கவும் விடுவதில்லை. எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். நெடுஞ்சாலையை ஒட்டிய வகுப்பில் அந்தத் தேர்வை வைக்காதிருந்தால் போதும், ஒலிபெருக்கியைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் போதும். படித்தலில் பாடப்புத்தகப் பத்திகளைப் பாதியாகக் குறைத்து, மீதியை முன்பு பார்க்காத பத்திகளாக்க வேண்டும். அந்தப் பத்திகளின் கேள்விகளை, பத்தி இல்லாமல் ஒரு வகுப்பிலாவது கொடுத்துப் பார்த்தபின் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.