இரு கரையில் நால்வர்

இஸ்தான்புல் சேர்ந்த முதல் தினமே எங்கள் சிநேகித கோஷ்டி இரண்டாகப் பிரிந்தது. எல்லாம் டிக்கெட் தரகரின் கைங்கரியம்! நாங்கள் இருவர் ஐரோப்பாக் கரையின் விமான நிலையத்தில் இறங்கினோம். மற்ற இருவரோ ஆசியாக் கரையில், துருக்கியின் போர்விமான வீராங்கனை சபிஹா கோக்செனின் பெயர் தாங்கிய நிலையத்தில். ஊர் ஒன்று, கண்டம் இரண்டு. அவர்களில் ஒருவருடைய நீரிழிவு மருந்து எங்கள் பெட்டியில் இருந்தது. டெலிபோனும் கைகொடுக்கவில்லை.

மாலையில்தான், காடிக்கோய் படகுத்துறையில் நிற்பதாகச் செய்தி வந்தது. எமினோனுவில் படகேறினோம். பாஸ்பரஸ் ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் சுமார் 700 மீட்டர்தான். அன்று எங்களுக்கு அது சமுத்திரம். உடன் வந்தவர்கள் கடற்பறவைகளுக்கு ரொட்டி வீசிக் களித்தார்கள். அதைப் பார்க்க எவருக்கு மனம்?

எதிர்க்கரையில் நண்பர் வெளுத்த முகத்துடன் பெஞ்சில் சாய்ந்திருந்தார். மருந்தை விழுங்கியபின், தரகரை அவர் வாழ்த்திய தமிழை இங்கே அச்சிடுவதற்கில்லை.