இறங்கக் கற்றவர்கள்

ஜோகுபாளையம், பெங்களூரு
பங்குனி, ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்து இரண்டு வாரமாகிறது. பேரனுடன் பொழுதைக் கழிக்கப் போனவர் மூன்று மாதமாக ஊர் திரும்பாமல் அங்கே என்னதான் செய்கிறீர் என்று அதில் கேட்டிருந்தீர்கள். பேரனோடு கழியும் பொழுது மாலைக்கு உரியது. விடியற்காலைப் பொழுதோ, நான் இங்கு வந்த மறுவாரத்திலிருந்து, முன்பின் அறிந்திராத பதினொரு பேருக்குச் சொந்தமாகிவிட்டது. அவர்களைப் பற்றித் தங்களுக்கு எழுதாமல் ஊர் திரும்ப எனக்கு மனமில்லை.

ஜோகுபாளையம் என்பது அலசூரை ஒட்டிய பழைய பேட்டை. ஒரு பக்கம் கேம்பிரிட்ஜ் சாலையும் இந்திராநகரின் பெரிய வீடுகளும், மறுபக்கம் பழைய மதராஸ் சாலையும் இருக்க, நடுவில் தையற்கடையும் மாவரைக்கும் மில்லும் சிறு கோயில்களுமாக நெருங்கிக் கிடக்கும் தெருக்கள். பாதி வீடுகளில் தமிழ், மீதி வீடுகளில் கன்னடமும் தெலுங்கும், எல்லா வீடுகளிலும் எல்லாம் சிறிது சிறிது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த காலத்திலிருந்து, ராணுவத்தையும் வியாபாரத்தையும் பின்பற்றி வந்து குடியேறிய நம்மவர்களின் சந்ததியார் இந்தப் பகுதி முழுவதும் இருக்கிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. தூக்கம் வராத முதியவன் விடியலில் உலாவப் போவதற்கு, பழைய மதராஸ் சாலையைக் கடந்து, சோமேசுவரர் கோயில் கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஜார் தெரு வழியே அலசூர் ஏரிக்கரைக்குச் செல்வதை விட உத்தமமான மார்க்கம் வேறில்லை. கரையில் நம் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே இருந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்ட அதே சிலைதான்.

அந்தச் சிலையருகேதான் அவர்களை முதன்முதலில் கண்டேன். மணி ஐந்துகூட ஆகவில்லை. தெருவிளக்கின் கீழ் ஆணும் பெண்ணுமாகச் சிலர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்க, நரைத்த மீசையோடு நிமிர்ந்து நின்ற ஒருவர், கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "தம்பி, இன்னும் ஒரு நிமிஷம்" என்றார். எல்லோரையும் அவர் தம்பி என்றுதான் அழைக்கிறார். ஐம்பத்திரண்டு வயது அம்மையார் ஒருவரையும் அப்படியே அழைத்தபோது நான் வியந்தேன். பிறகுதான் விளங்கிற்று. ஏரியின் ஒரு பக்கம் முழுவதும் மதராஸ் சாப்பர்ஸ் என்று வழங்கும் ராணுவப் பொறியாளர் படையின் தலைமை ஸ்தலம். 1780-இல் தோன்றிய அந்தப் படையின் வீரர்களுக்குச் சேனை முழுவதிலும் 'தம்பி' என்றே செல்லப்பெயர். அவர் அங்கே ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காசு பணம் வாங்காமல் இவர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறார்.

இந்தப் பதினொருவரில் யாரும் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். எலக்ட்ரீஷியன் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் இருவர், கணினிக் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள் நால்வர், மருந்துக்கடைக்காரர், இப்படி. ஒன்பது பேரின் லட்சியம் இந்த ஊரிலேயே 2008 முதல் நடந்துவரும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். மீதி இருவர், அதாவது வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மையாரும் இருபத்தொன்பது வயதுப் பையன் ஒருவனும், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாரத்தானுக்கு இடம் பெற்றிருந்தார்கள். அது பணம் கட்டினால் எவரும் ஓடிவிடக்கூடிய பந்தயமன்று. வயதுக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைத்து, வேறொரு மாரத்தானை அந்த வரம்புக்குள் ஓடி முடித்துக் காட்டியவர்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1897-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவரும் அந்த ஓட்டத்துக்காக அந்த அம்மாள் நான்கு ஆண்டுகள் உழைத்திருக்கிறார்.

என்னை அவர்களோடு கட்டிப்போட்டது ஒரு சிறு விஷயம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஹவில்தாரிடம், "மலைப்பாங்கான பாதை என்கிறார்களே, ஏறுவதற்குத்தானே பயிற்சி?" என்று கேட்டேன். அவர் தலையசைத்து, "ஏறுவது மூச்சுக்கு வேலை, சார். இறங்குவதுதான் காலைத் தின்னும்" என்றார்.

பாஸ்டன் பாதையின் சூட்சுமம் இதுதான். புறப்படும் இடமாகிய ஹாப்கின்டன் கிராமத்துக்கும் நகரத்தில் ஓட்டம் முடியும் பாயில்ஸ்டன் தெருவுக்கும் இடையே ஏறத்தாழ 140 மீட்டர் சரிவு. முதல் இருபத்தைந்து கிலோமீட்டரில் பெரும்பகுதி இறக்கம் என்பதால், புதிதாக ஓடுகிறவன் தன் பலத்தை எண்ணித் தானே மகிழ்ந்து, காற்றாய்ப் பறந்துவிடுகிறான். ஆனால் இறங்கும்போது தொடையின் முன்தசை, உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அப்படி நீளும் ஒவ்வொரு முறையும் அதன் நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் அறுபடுகின்றன. வலி அப்போது தெரியாது. இருபத்தாறாவது கிலோமீட்டரில் நியூட்டன் என்ற ஊரின் நான்கு மேடுகள் தொடங்கும்போதுதான், கால் தன்னுடையது அல்ல என்பது ஓடுகிறவனுக்குத் தெரியவரும். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதும் சற்றேறக்குறைய அந்த இடத்தில்தான். நான்காவது மேட்டுக்கு 'இதயம் உடைக்கும் குன்று' என்று பெயர். உயரம் ஏறத்தாழ 27 மீட்டர்தான், நம் ஊர்ப் பாறைக் குன்றுகளுக்கு முன்னால் அது ஒரு மேடே அல்ல. 1936-இல் ஜானி கெல்லி என்ற வீரர், முன்னால் சென்றுகொண்டிருந்த டார்சன் பிரௌன் என்ற அமெரிக்கப் பழங்குடி வீரரை இந்த மேடுகளில் எட்டிப் பிடித்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக, அந்தத் தட்டே பிரௌனுக்கு உயிர் கொடுத்து, அவர் முன்னேறி வென்றார். கெல்லி ஐந்தாவதாக வந்தார். அதைக் கண்ட பத்திரிகையாளர் ஒருவர் எழுதியதிலிருந்து வந்த பெயராம் அது. அந்தக் கெல்லியே 61 முறை அங்கே ஓடி, தம் எண்பத்து நான்காம் வயதில்தான் நிறுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை பூர்த்தியாகும்.

இறங்குவதற்கு மருந்து இறங்குவதேயாகும். ஒருமுறை சரிவில் ஓடி நொந்த தசை, ஆறியபின் சில வாரங்களுக்கு அதே சேதத்தை அவ்வளவாக ஏற்பதில்லை. சரீரம் தன் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே மார்கழியிலிருந்தே இவர்கள் இறங்கப் பழகுகிறார்கள். வார நாட்களில் அதற்கு ஏரியே போதும். ஏரி என்பது தாழ்வில்தானே இருக்க வேண்டும்? கரையிலிருந்து மகாத்மா காந்தி சாலையின் பக்கம் போனால் ஏற்றம், திரும்பினால் இறக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நந்தி மலை.

நந்தி மலையின் உயரம் 1478 மீட்டர். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். நம் திருக்கோவலூரைத் தழுவி ஓடும் தென்பெண்ணையும் வேலூர்ப் பாலாறும் பிறப்பது அந்த மலைப்பிரதேசத்தில்தான் என்று பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவன் நான். கண்ணால் பார்த்தது இந்த எழுபதாம் வயதில்தான். அங்கே பயிற்சிக்கு வரும் மற்றவர்கள் அடிவாரத்திலிருந்து மேலே ஓடுகிறார்கள். நம் ஹவில்தாரோ வண்டியில் எல்லோரையும் உச்சிக்கு ஏற்றிச் சென்று, அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் வளைவு வளைவான சாலையில் முதலில் இறங்க வைக்கிறார். பிறகு போகநந்தீசுவரர் கோயில் இருக்கும் கிராமத்தின் பக்கம் சமவெளியில் வெகுதூரம் ஓடவிட்டு, கால் சோர்ந்த கடைசி நேரத்தில்தான் மறுபடி மலையின் பக்கம் திருப்புகிறார். பாஸ்டன் பாதையின் கிரமத்தையே இங்கே அமைத்துக்கொண்டுவிட்டார் என்பது எனக்குப் புரிய இரண்டு ஞாயிறுகள் ஆயின.

மாசி மாத ஆரம்பத்தில் ஒரு விடியலில், நடைபாதையில் பெயர்ந்து கிடந்த கல் பலகை ஒன்றில் அந்த இருபத்தொன்பது வயதுப் பையனின் கால் மடங்கிற்று. கணுக்காலின் தசைநார் கிழிந்துவிட்டதென்றும், எட்டு வாரம் ஓடக்கூடாதென்றும் வைத்தியர் சொல்லிவிட்டார். எட்டு வாரமென்றால் பாஸ்டன் போயிற்று. அன்று ஏரிக்கரைப் படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை ஆசிரியை ஒருவரின் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்த அவன் முகம் என் கண்ணைவிட்டு அகலவில்லை. இனி அவன் வரமாட்டான் என்றே நான் நினைத்தேன். நான் மட்டுமல்ல, எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்றாம் வாரம், காலில் கட்டோடு, தம்பி ஒருவனை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிப் பின்னால் அமர்ந்து வந்து சேர்ந்தான். மடியில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், தோள்பையில் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் உப்புக் கலந்த எலுமிச்சைச் சாறும். அந்த அம்மாளுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் போய் நிற்பது, அவர் வந்ததும் தம்ளரை நீட்டுவது, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்வது, பிறகு மறுபடி முன்னால் போவது. இதுவே அவன் வேலையாயிற்று. நந்திக்கும் அப்படியே வந்தான். போன நந்தி ஞாயிற்றில் நானும் அவனும் ஒரு வளைவின் சுவர்மேல் அமர்ந்திருந்தோம். மூடுபனி கலைந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் வளைவில் தெரிந்தபோது முப்பத்தோராவது கிலோமீட்டர். முகம் வெளிறியிருந்தது, உதட்டோரம் உப்புப் பூத்திருந்தது, இடது காலணியின் நுனியில், நகம் பெயர்ந்து கசிந்த ரத்தம் காசளவு கறையாய் ஊறியிருந்தது. நீட்டிய தம்ளரை வாங்கினார், ஆனால் விரல்களால் பிடிக்க முடியாமல் பாதி சிந்திவிட்டது. "அக்கா, இங்கிருந்து தெரிகிற அந்த ஆலமரம் வரைக்கும்தான்" என்றான் பையன். அவர் பதில் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துவிட்டு ஓடினார். அவர் வளைவு தாண்டி மறைந்த பிறகு அவன் என்னிடம், "மரத்துக்கு அப்புறம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு, சார். அது அக்காவுக்கும் தெரியும்" என்று சொல்லி, கேனை மூடினான்.

அக்காவோடு ஓட அன்று இன்னொருவரும் இருந்தார். எலக்ட்ரீஷியன். அவருக்குப் பாஸ்டனும் இல்லை, மாரத்தானும் இல்லை. பத்து கிலோமீட்டரே அவருக்கு இலக்கு. கடைசி ஆறு கிலோமீட்டருக்கு மட்டும் அவர் வந்து சேர்ந்து, அம்மாளுக்கு ஓரடி முன்னால், எதிர்க்காற்றைத் தாம் வாங்கிக்கொண்டு ஓடினார். தமக்கென்று எந்தப் பரிசும் காத்திராத மலைக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்த அந்த மனிதரை நான் எப்படி வர்ணிப்பேன்? ஓட்டம் தனி மனிதன் தனக்குள் நடத்தும் யுத்தம் என்றே இதுகாறும் எண்ணியிருந்தேன். அந்த அபிப்பிராயத்தை நந்தி மலை வளைவில் விட்டுவிட்டு வந்தேன்.

ஹவில்தாருக்கு ஆதர்சம் சிவநாத் சிங். தாங்கள் மறந்திருக்கலாம். ராணுவத்தில் பணியாற்றியவர், காலணியின்றியே பெரும்பாலும் ஓடிப் பழகியவர், 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தார், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் மாரத்தானை ஓடி முடித்தார். அந்த இந்திய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. இத்தகையவரின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போனது நம் போன்ற ஆசிரியர்களின் குற்றமே என்று நான் கருதுகிறேன்.

அந்த அம்மாளுக்கு ஆதர்சம் வேறு. 1966-இல் பெண்களுக்கு அனுமதியில்லாத அதே பாஸ்டனில், புறப்படும் இடத்தருகே புதர்மறைவில் காத்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடிய பாபி கிப் என்ற பெண். பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972-இல்தான். "பெண்ணால் மாரத்தான் ஓட முடியாதென்று படித்தவர்களே நம்பினார்கள் சார், அது நான் பிறப்பதற்குச் சில வருஷம் முன்னால்தான்" என்றார் அவர் ஒரு நாள், காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டே.

இனி நீண்ட ஓட்டம் இல்லை. பந்தயத்துக்கு முந்திய மூன்று வாரமும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, தசைகளை ஆற விடவேண்டும் என்பது விதி. நேற்று அந்த அம்மாள் தம் பயிற்சி நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். மார்கழியிலிருந்து ஓடிய தூரம் தேதிவாரியாக, வங்கிக்காரரின் சுத்தமான எழுத்தில். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அன்று கூட ஓடியவர் அல்லது தண்ணீர் கொடுத்தவர் பெயர். மாசிக்குப் பிறகு அநேக வரிகளில் அந்தப் பையனின் பெயரே இருக்கிறது. நந்தி மலை ஞாயிற்றுக்கு எதிரே என் பெயரையும் எழுதியிருக்கிறார்.

பாஸ்டன் ஓட்டம் ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை, நமக்குச் சித்திரை பிறந்த முதல் வாரம். அங்கே காலை பத்து மணிக்கு முதல் அணி புறப்படும்போது இங்கே மாலை ஏழரை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த அம்மாள் எங்கே ஓடுகிறார் என்பது கைப்பேசியில் தெரியும் என்கிறான் பையன். ஹவில்தார் உட்பட எல்லோரும் அன்று ஜோகுபாளையத்தில் என் மகன் வீட்டு மாடியில் கூடுகிறார்கள்; அந்த அம்மாள் 'இதயம் உடைக்கும் குன்றை'க் கடக்க இங்கே நள்ளிரவு ஆகிவிடும், அதுவரை யாரும் தூங்கப்போவதில்லை. ஆகவே நான் ஊர் திரும்புவது அதற்குப் பிறகுதான். தாங்களும் அவசியம் வரவேண்டும். மெஜஸ்டிக்கில் இறங்கி ஊதா வழி மெட்ரோவில் ஏறினால் அலசூர் நிலையம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஞாயிறு மாலையே வந்துவிட்டால், திங்கள் விடியலில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். கட்டு அவிழ்த்த காலோடு அந்தப் பையன் முதன்முதலாக ஓட இருப்பது அன்றுதான்.

தங்கள் பிரியமுள்ள நண்பன்