வண்ணாரப்பேட்டையில் ஒரு ரங்கூன்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடப்பவருக்கு மூக்கு ஒன்று இருந்தால் போதும், யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. 'வாங்கக்கா, வாங்கக்கா... உள்ளே வந்து பாருங்கக்கா' என்று கூப்பிடும் ஜவுளிக்கடைப் பையன்களைக் கடந்து, ஆட்டோவின் பின்சக்கரத்திடமிருந்து கால் கட்டைவிரலைக் காப்பாற்றிக்கொண்டு, ஏதாவது ஒரு சந்து முனையில் நில்லுங்கள். பூண்டு எண்ணெயில் பொரிகிற வாசனை வரும். வாசனையின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தள்ளுவண்டியில் போய் நிற்பீர்கள். அதில் ஒரு பேசின் நிறைய ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ். போர்டில் 'பர்மா அத்தோ'.

அடையாறு, மயிலாப்பூர் நண்பர்கள் 'வட சென்னையில் என்னப்பா இருக்கு? துறைமுகமும் லாரியும்தானே?' என்று கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை. அவர்களும் தெரிந்துகொண்டு வந்துவிட்டால் நமக்கு நிற்க இடம் கிடைக்காது!

ஆனால் மெல்போர்னிலிருந்து லீவில் வந்த என் சித்தப்பா பையனிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே பல்லவி. "எங்க ஊர்ல ஓக்லின்னு ஒரு ஏரியா இருக்குண்ணா. சிட்டியைவிட்டுத் தள்ளி. அங்க கிரீக் சாப்பாடு சாப்பிடணும். சுவ்லாக்கின்னு கறியைக் கம்பியில கோத்துச் சுட்டுத் தருவான் பாருங்க..." இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிரேக்கர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மெல்போர்ன் முழுக்க அவர்கள் கைமணம். அதெல்லாம் சரி. கடைசியில் ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள்: "இந்த மாதிரி கப்பல்ல வந்த சாப்பாடு நம்ம ஊர்ல இருக்காண்ணா?"

அன்றைக்குச் சாயங்காலமே அவனை மெட்ரோவில் ஏற்றி, தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறக்கினேன். (2019-ல் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு 'அவ்வளவு தூரமா?' என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.)

அத்தோ செய்வதை வேடிக்கை பார்ப்பதே பாதி சாப்பாடு. வண்டிக்கார அக்கா ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸை அள்ளிப் போடுகிறார். மேலே தலைமயிர் மாதிரி நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், முறுகப் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, காய்ந்த மிளகாயை இடித்த தூள், பொட்டுக்கடலை மாவு, உப்பு, கொத்தமல்லி. அதற்கப்புறம் 'பேஜோ' என்கிற தட்டை மாதிரி வஸ்துவை ஒரே நொறுக்காக நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து, எலுமிச்சம்பழம் ஒரு பிழி. அடுப்பில் வைத்துச் சூடு பண்ணுவது கிடையாது. பக்கத்தில் ஒரு கப்பில் வாழைத்தண்டு சூப். அது மட்டும் கொதிக்கக் கொதிக்க.

பர்மிய மொழியில் 'அதோ' என்றால் கலந்து பிசைந்தது என்றுதான் அர்த்தம். அங்கே நூடுல்ஸுக்கு வேறு பெயர் இருக்கிறது, கௌஸ்வே. நம் ஆட்கள் நூடுல்ஸை விட்டுவிட்டுப் பிசைந்ததை மட்டும் பெயராக வைத்துக்கொண்டார்கள். 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. ஆக, நம்ம பருப்பு வடைக்குப் பர்மாவில் ஒரு ஒன்றுவிட்ட தம்பி!

நல்ல வண்டியா, சுமார் வண்டியா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. பேஜோவை நொறுக்கும்போது சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராமல் மடங்கினால் நேற்றைய சரக்கு, நடையைக் கட்டுங்கள். பூண்டு பொன்னிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தாலும் அதே தீர்ப்பு. முட்டை மசாலா சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய், புளித்தண்ணி எல்லாம் திணித்துக் கொடுப்பார்கள். அதை முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிடுகிறேன் என்று நாகரிகம் பார்த்தால் சட்டை போச்சு. மெல்போர்ன்காரன் நாகரிகம் பார்த்தான்.

சட்டையைத் துடைத்துக்கொண்டே, "இவங்கள்லாம் பர்மாக்காரங்களாண்ணா? தமிழ் நல்லா பேசறாங்களே!" என்றான்.

அங்கேதான் கதையே இருக்கிறது. 1937 ஏப்ரல் வரைக்கும் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூன் போவது வெளிநாடு போவதாகவே கணக்கில்லை. மெட்ராஸில் கப்பலேறினால் சில நாளில் ரங்கூன். செட்டிநாட்டார் வட்டிக்கடை வைக்கப் போனார்கள், தஞ்சாவூர், ராமநாதபுரத்துக் கூலிக்காரர்கள் வயலிலும் துறைமுகத்திலும் வேலை செய்யப் போனார்கள். 1931 ஜனத்தொகைக் கணக்கில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்! 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான பேர் காட்டு வழியே கால்நடையாக இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

1962 மார்ச்சில் ஜெனரல் நெவின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. (நாம் 2016-ல் பட்டதை அவர்கள் அப்போதே பட்டுவிட்டார்கள்.) நகை, ரொக்கம் எடுத்துவரக் கடுமையான கட்டுப்பாடு. தமிழ்நாட்டுக்கு மட்டும் லட்சம் பேருக்கு மேல் அப்படி வந்து இறங்கினார்கள். பி.காமில் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று ஒரு பாடம் உண்டு. சுங்கக்காரர் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாலும் அகப்படாத சொத்து அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் பேசினில் வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள்.

வந்தவர்களுக்காகத்தான் 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடி, எண்ணூர் என்று வடக்கே பல இடங்களில் குடியிருப்புகள் முளைத்தன. சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. திரும்பிப் பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. அந்த நாடே 1989-ல் பெயரை மாற்றிக்கொண்டு மியான்மர் ஆகிவிட்டது. நம்ம பர்மா பஜாரும் பர்மா அத்தோவும் மட்டும் பெயரை மாற்றவில்லை.

இதே நூடுல்ஸ், பர்மாவிலிருந்து கிளம்பிய வேறு சில இந்தியக் குடும்பங்களோடு மேற்கே பம்பாய்க்கும் கராச்சிக்கும் போயிருக்கிறது. அங்கே 'கௌ சுவே' என்ற பெயரில், தேங்காய்ப் பாலோடு, பீங்கான் கிண்ணத்தில், ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே தெருவில் நிற்கிறது. எனக்குத் தெருவில் நிற்பதுதான் பிடிக்கும். கிண்ணத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் பாருங்கள்.

வண்டிக்கார அக்காவுக்கு பர்மா எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆனால் வண்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் அம்மா, பதினெட்டு வயசில் கப்பலில் வந்து இறங்கியவர். எண்பதை நெருங்குகிறார்.

"அங்க எங்களை 'கலா'ன்னுவாங்க தம்பி. இந்தியாக்காரன்னு அர்த்தம். மரியாதையான வார்த்தை இல்ல. போ உன் ஊருக்குன்னாங்க. இங்க வந்தா, பர்மாக்காரி வந்துட்டான்னாங்க. சரி, ரெண்டு ஊர்லயும் நாம வேத்தாளு, வயித்துப் பொழப்பைப் பார்ப்போம்னு எங்க வீட்டுக்காரர் வண்டியைப் போட்டாரு."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த சூப் கப்பைக் காட்டினார். "இது மொய்ங்கா கிடையாது. தெரியுமா?"

பக்கென்றது. எத்தனையோ வருஷமாக இதைத்தானே மொய்ங்கா என்று குடித்துக்கொண்டிருக்கிறோம்!

"மொய்ங்கான்னா மீனு. மீனை வேகவச்சு, முள்ளெடுத்து, மசிச்சு, எலுமிச்சைப் புல்லு, இஞ்சி, கடலை மாவு எல்லாம் போட்டுக் கொதிக்க விடணும். வாழைத்தண்டு அதுக்குத் துணைக்குப் போடறது. ரங்கூன்ல காலம்பற அதுதான் பலகாரம். இங்க மாப்பிள்ளையை விரட்டிட்டு மாப்பிள்ளைத் தோழனை மணையில உக்கார வச்சிருக்கோம்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இரும்மா. செவ்வாய், வெள்ளி பாதி ஜனம் கவுச்சி தொடாது. மாலை போட்ட சாமிங்க வருது. மீனைப் போட்டா யாரு குடிப்பா? காலையிலதான் விக்கணும்னா, இட்லிக் கடைக்காரனோட நான் சண்டை போட முடியுமா?"

வியாபார நியாயம் அக்கா பக்கம். பாலன்ஸ் ஷீட் அவர் சொல்கிறபடிதான் டாலி ஆகும். இருந்தாலும் என் நாக்கு அம்மா கட்சிக்குத் தாவிவிட்டது. "அப்போ அந்த அசல் மொய்ங்கா எங்கே கிடைக்கும்?" என்றேன்.

"வீட்ல. ஞாயித்துக்கிழமை. நான் செய்வேன்."

கூச்சமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் நின்றோம். ஒண்டுக்குடித்தனம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மீன் விஷயத்தில் அம்மா ரொம்பக் கறார். கூப்பிடு தூரத்தில் காசிமேடு, கூடை கூடையாகக் கடல் மீன். ஒன்றும் உதவாதாம். ஆற்று மீன்தான் வேண்டுமாம். பர்மாவில் கெளுத்தியில் செய்வார்களாம். இங்கே உயிரோடு விற்கிற விராலுக்காக விடியற்காலையில் பஸ் ஏறிப் போய் வருகிறார், இந்த வயசில்.

குழம்பு பழுப்பு நிறம். அடியில் மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே பேஜோ, அவித்த முட்டை, கொஞ்சம் மிளகாய்த் தூள். முதல் வாயில் மீன் இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது வாயில் எலுமிச்சைப் புல். மூன்றாவது வாயிலிருந்து நான் பேசவில்லை. மெல்போர்ன்காரன் சுவ்லாக்கியைப் பற்றி அதற்கப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. தெருவில் விற்கிற சூப்பைக் குறை சொல்லவில்லை, அது நல்ல சூப். ஆனால் இது வேறு ஜாதிச் சரக்கு, காசு கொடுத்து வண்ணாரப்பேட்டையில் வாங்க முடியாதது.

"செய்முறை எழுதி வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எழுதறதுக்கு என்ன இருக்கு? கை பார்த்துக்கும்."

"அக்கா கத்துக்கிட்டாங்களா?"

அக்கா பேஜோவை டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு வண்டிக்குச் செய்யறதே சரியாப் போகுது சார். விராலுக்கு யாரு அலையறது?" காலேஜ் படிக்கிற பேத்தி செல்போனைப் பார்த்தபடி, "எனக்கு மீன் வாசனையே ஆகாது" என்றாள்.

அம்மா காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மெல்போர்ன்காரனின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"உங்க ஊர்ல பர்மாக்காரங்க இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்க பாட்டி."

"மொய்ங்கா விக்கறாங்களா?"

"தேடிப் பார்க்கறேன்."

"தேடு. மீன் போட்டிருக்கானான்னு முதல்ல கேளு. அப்புறம் உக்காரு."