ஆறடி ஓடம்

ஓடம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது நீண்டதொரு வடிவம். கரையில் கவிழ்த்து வைத்த வள்ளங்களும் கட்டுமரங்களும் அவ்வெண்ணத்தை நம் மனத்தில் பதித்துவிட்டன. ஆகவே, சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் வாடகை வண்டியின் கூரையிலிருந்து இறக்கி, எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழ் வைத்த பொருளைப் பார்த்து, "இதென்ன, குழந்தை குளிக்கிற தொட்டியோ?" என்று என் மனைவி கேட்டதில் வியப்பில்லை.

அவன் கனடாவில் ஒட்டாவா நகரில் எஞ்சினியராக இருப்பவன். அந்நகருக்கு மேலே அதே பெயருடைய ஆறு பாறைகளிடையே பாய்கின்றது. கயாக் எனப்படும் சிற்றோடங்களில் அமர்ந்து அலைமீது வித்தை காட்டும் உலகப் போட்டி 2015இல் அங்கே நடந்தபோது, இவனும் கரையிலே நின்று பார்த்தானாம். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. தான் படித்த கல்லூரிக்கு அத்தகைய ஓடங்கள் ஆறு வாங்கித் தருவதென்று தீர்மானித்துக் கொண்டே வந்திருந்தான். ஒன்றை மட்டும் கித்துல்கலையில் ஒருவரிடம் இரவலாகப் பெற்று, யாழ்ப்பாணம்வரை சுமந்து வந்துவிட்டான். பௌதிகம் கற்பிப்பவன் என்ற காரணத்தால், "பரிசோதித்து அறிக்கை தாரும்" என்று அதிபர் அவர்கள் அப்பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

முதலில் அளந்து பார்த்தேன். நீளம் 6 அடி. என் உயரத்தைவிடச் சில அங்குலமே கூட. அகலம் 25 அங்குலம். எடை 15 கிலோகிராம். உள்ளே 235 லீற்றர் கொள்ளும் என்று விளிம்பிலே பொறித்திருந்தது. இந்த உருவத்திற்கு அது பெருங்கொள்ளளவு. அதன் பெரும்பகுதி நடுவிலே, அமர்பவரின் முழங்காலையும் இடுப்பையும் சுற்றித் திரண்டிருக்கின்றது. அணியமும் பின்தலையும் சட்டென்று மெலிந்து மேல்நோக்கி வளைந்துள்ளன. அடிப்பாகமோ பலகைபோல் தட்டை. இரு பக்கமும் மடிப்புப்போன்ற கூரிய விளிம்பு. ஒட்டோ ஆணியோ எங்கும் இல்லை. பொலியெதிலீன் தூளை உலோக அச்சிலிட்டு, வெப்பத்திலே சுழற்றி உருக்கி வார்ப்பதால் முழுவதும் ஒரே ஓடாக வந்துவிடுகின்றது. பாறையில் மோதினாலும் உடையாது, கீறலோடு தப்பும்.

இவ்வோடத்தின் மூதாதை வடதுருவத்து இன்னுயிற் மக்களுடையது. கடல் ஒதுக்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்து, அதிலிருந்து அவர்கள் வேட்டையாடினர். கவிழ்ந்தால் அக்குளிர்நீரில் நீந்திப் பிழைக்க இயலாது. எனவே ஓடத்தை விட்டு இறங்காமலே, துடுப்பையும் இடுப்பையும் கொண்டு உருண்டு நிமிரும் வித்தையைப் பயின்றனர். அது நீண்ட ஓடம். 1980களில்கூட ஆற்று ஓடங்கள் பத்தடிக்கு மேற்பட்டே இருந்தன. அலைமீது சறுக்கும் பலகையைப் பார்த்து அடியைத் தட்டையாக்கியதும், நீளத்தை வெட்டி வெட்டிக் குறைத்ததும் அதன் பின்னர் நடந்தவை.

மறுநாட் காலை கடனீரேரிக்குக் கொண்டு சென்றோம். நான் ஏறி அமர்ந்தேன் என்று எழுதினால் அது பொய்யாகும். செருப்பினுள் காலை நுழைப்பதுபோல் என்னை அதற்குள் நுழைத்தார்கள். இடுப்பின் இரு மருங்கும் பஞ்சணை, தொடைமேல் கொக்கிபோன்ற பிடி, முதுகிலே பட்டி. பாதங்கள் மடங்கி அணியத்தின் ஒடுங்கிய மூலையில் நெருங்கின. துடுப்பை வலப்பக்கம் போட்டேன். ஓடம் இடப்பக்கம் பார்த்தது. இடப்பக்கம் போட்டேன், வலப்பக்கம் பார்த்தது. செக்குமாடாவது ஒரு வட்டத்தை ஒழுங்காகச் சுற்றும். நண்டு பிடித்துக் கொண்டிருந்த சிறுவர் இருவர் தம் வேலையை மறந்து என்னைப் பார்த்து நின்றனர்.

குற்றம் முழுவதும் என்னுடையதன்று. நீரைப் பிளந்து செல்லும் ஓடத்தின் வேகத்திற்கு அதன் நீளமே வரம்பு கட்டுகின்றது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால், அவ்வரம்பு கடல்மைல் வேகத்தில் ஏறக்குறையக் கிடைக்கும். 16 அடிக் கடல் ஓடத்திற்கு மணிக்கு 9.9 கிலோமீற்றர்; இந்த ஆறடி ஓடத்திற்கு 6 கிலோமீற்றர்தான். அதற்கு மேல் முயன்றால், தான் எழுப்பிய அலையைத் தானே ஏற முயலும் கதைதான். நேராகச் செல்லும் குணமும் நீளத்தோடு வருவதே. "சேர், இது போற ஓடம் இல்லை, நிண்டு விளையாடுற ஓடம். ஆத்திலை பாக்கவேணும்" என்றான் அவன்.

யாழ்ப்பாணத்தவனுக்கு ஆறு என்பது பூமிசாத்திரப் புத்தகத்துப் பொருள். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்லித் திருப்திப்படுபவர்கள் நாங்கள். ஆகவே களனி கங்கையைப் பார்க்கும் ஆசையும் என்னை இழுத்தது. கித்துல்கலை, 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய திரைப்படத்தைப் பிடித்த இடம். மேலே உள்ள நீர்மின் நிலையத்திலிருந்து வரும் நீரின் அளவைப் பொறுத்து ஆறு ஏறும், இறங்கும். நாங்கள் சென்ற அன்று நீர் ஏறியிருந்தது.

வேகத்தில் இறங்குமுன், பாறைக்குக் கீழே அமைதியாக நின்ற மடுவொன்றில் கவிழ்ந்து வெளியேறப் பழகவேண்டும் என்றான். நீர் புகாதபடி இடுப்பிலே ஒரு இறப்பர்ப் பாவாடை. அதன் விளிம்பை ஓடத்தின் வாயிலே இறுக மாட்டுவார்கள். முன்பக்கத்தில் ஒரு கண்ணி தொங்கும். கவிழ்ந்தால் அதைப் பிடித்திழுக்கப் பாவாடை கழன்றுவிடும். எல்லாம் விளங்கிற்று. விளங்கியவன் செய்தது என்ன? வெளியே அலங்கோலமாகத் தொங்கிய அந்தக் கண்ணியை, சட்டை நுனியை உள்ளே விடுவதுபோல் ஒழுங்காக மடித்து உள்ளே செருகிவிட்டேன். அவன் கவனிக்கவில்லை.

கவிழ்ந்தேன். பச்சை இருள், மூக்கிலே நீர். கை முன்னே தடவியது. இறப்பர், மீண்டும் இறப்பர். கண்ணி எங்கே? தொடைகளைப் பற்றிய பிடி, ஓடத்தோடு என்னை ஒன்றாகவே வைத்திருந்தது. அதற்காகத்தானே அது அமைக்கப்பட்டது? ஒன்பது வயதில் தோணி கவிழ்ந்து சிறிய தகப்பனார் என்னை மயிரைப் பிடித்துத் தூக்கிய நாள் நினைவுக்கு வந்தது. பௌதிகம் ஒன்றும் வரவில்லை. அப்பொழுது இரு கைகள் ஓடத்தின் முதுகைப் பற்றி, மறுபக்கமாக இழுத்து என்னை நிமிர்த்தின.

அரை நிமிடம் இருக்கும் என்றேன். "எட்டுச் செக்கன், சேர்" என்றான். அவன் முகத்திலும் இரத்தம் இல்லை. அதன்பின் நான் கரையிலே ஒரு கல்லில் அமர்ந்து கொண்டேன்.

அங்கிருந்துதான் அவ்வோடத்தின் உண்மையான தரத்தைக் கண்டேன். பாறையின்மேல் வழிந்த நீர் அதன் கீழே, நகராமல் நின்ற ஓர் அலையை எழுப்பியிருந்தது. அவன் அதன் முகத்தில் நீரோட்டத்தை எதிர்நோக்கி ஏறினான். சரிவு அவனை மேலாற்றுப் பக்கமாகக் கீழே இழுக்க, பாயும் நீர் பின்னே தள்ள, இரண்டும் சமப்பட்டு ஓடம் அந்தரத்தில் கட்டியதுபோல் நின்றது. பின்பு இடுப்பை ஒரு முறை ஒடித்தான். தட்டையான அடி சுழன்று முழு வட்டம் போட்டது. நீண்ட ஓடமாயின் அதன் நுனிகளை நீர் பற்றிப் புரட்டியிருக்கும். அடுத்து அணியத்தை ஆழ அமுக்கினான். இங்கேதான் அந்த 235 லீற்றரின் சூட்சுமம். ஆளும் ஓடமுமாக அவன் நிறை ஏறக்குறைய 95 கிலோகிராம். மிதக்க 95 லீற்றர் நீரை விலக்கினாற் போதும். மிகுதியை நீருள் அமுக்கினால், ஆர்க்கிமிடீசின் விதி சும்மா இருக்குமா? ஓடம் அம்புபோல் எழும்பி, தலைகுப்புறக் கரணமடித்து, அதே அலையில் வந்து விழுந்தது. மெல்லிய நுனி அமுங்குவதற்கு. பருத்த நடு எழும்புவதற்கு. போட்டியில் ஒருவருக்குக் கொடுக்கும் 45 செக்கனுக்குள் இத்தகைய வித்தைகளை அடுக்கவேண்டுமாம். என்னை அறியாமலே கை தட்டினேன்.

திரும்பும் வழியில், இரவு பஸ்ஸிலே, அவன் ஓயாமல் திட்டம் சொல்லிக் கொண்டு வந்தான். நான் பேசவில்லை. அறிக்கையை எழுத நான்கு நாள் சென்றது. ஓடத்தின் அமைப்பில் ஒரு குறையும் கூற இயலாது என்று எழுதினேன். அது பிறந்தது நின்றெழும் அலைக்காக. எங்கள் கடனீரேரியில் அத்தகைய அலை இல்லை. சமநீரில் அது மந்தம், நேராகச் செல்லாது, கால் மரத்துப் போகும். பதினான்கு வயதுப் பிள்ளையை அதற்குள் பூட்டுவதற்கு முன், கவிழ்ந்து நிமிரக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். எங்களிடம் அத்தகையவர் இல்லை. மூடாத, மேலே அமரும் நீண்ட ஓடங்களே பொருத்தம். ஆறு குறுகிய ஓடங்களையும் ஏற்பதற்கில்லை.

அறிக்கையின் பிரதியை அவனுக்கும் அனுப்பினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்தவனை இப்படித் திருப்பிவிட்டேனே என்று மனம் உறுத்தியது. தை பிறந்தபின் கடிதம் வந்தது, நான்கு வரி. மூடாத ஓடங்கள் நான்கு அனுப்புவதாகவும், இரவல் வாங்கிய குறுகிய ஓடத்தை விலைக்கே வாங்கிவிட்டதாகவும், அதை ஆய்வுகூடத்தில் வைத்துக் கொள்ளும்படியும் எழுதியிருந்தான்.

சென்ற கிழமை உயர்தர வகுப்பு மாணவர் அதன் கொள்ளளவை வாளிவாளியாக நீர் ஊற்றி அளந்தனர். 231 லீற்றர் வந்தது. அளந்து முடிந்ததும், பாவாடையை மாட்டிக் காட்டச் சொன்னேன். வகுப்பிலே மிகவும் ஒழுங்கான பிள்ளை முன்வந்து, சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டி, வெளியே தொங்கிய கண்ணியை அழகாக மடித்து உள்ளே செருகினான். நான் அதை வெளியே எடுத்துவிட்டு, எல்லோரையும் கிட்ட வரச் சொன்னேன்.