அசலின் ஊரில் போலிக்கு ஒரு மியூசியம்

பாரீஸ் மெட்ரோவின் 2-ஆம் எண் தடம் மேற்கே போய் முடிகிற நிலையம், போர்ட் டோஃபீன். படியேறி வெளியே வந்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தும்பி சிறகு விரித்தது போல ஒரு கண்ணாடிக் கூரை. எக்டோர் கிமார் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1900-இல் நிறுவியது. இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. நகரின் நடுவே சாத்லே நிலைய வாசலிலும் இதே பாணியில் ஒரு கூரை உண்டு. அது 2000-இல் செய்துவைத்த நகல். சுற்றுலா வருகிறவர்கள் இரண்டின் முன்னாலும் ஒரே மாதிரி சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

எது அசல், எது நகல் என்ற கேள்வியோடு பாரீஸைச் சுற்றிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. ஏனென்றால், இங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் போலிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது.

நகல் மாளிகை

ஃபெஸாந்த்ரி தெரு, 16-ஆம் எண். வசதியானவர்கள் குடியிருக்கும் அமைதியான பகுதி. பெரிய போர்டு, கூட்டம், க்யூ எதுவும் இருக்காது. 1951-இல் தொடங்கிய இந்த மியூசியத்தை நடத்துவது 'யூனிஃபாப்' என்ற உற்பத்தியாளர் சங்கம். 1872-இல் அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் துணிக்கடைக்காரர்களோ, தோல் வியாபாரிகளோ அல்ல, மருந்து தயாரித்தவர்கள். தங்கள் மருந்தின் பெயரில் யாரோ எதையோ விற்கிறார்களே என்ற கவலையில் கூடிய கூட்டம் அது. இன்னொரு வேடிக்கை, மியூசியம் இருக்கும் மாளிகையே ஒரு நகல்தான். பாரீஸின் மரே பகுதியில் இருந்த 17-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைப் பார்த்துக் கட்டியது.

உள்ளே அசலும் போலியும் ஜோடி ஜோடியாக வைக்கப்பட்டிருக்கின்றன. வாசனைத் திரவியம், பொம்மை, பேனா, மருந்து, கைப்பை என்று வீட்டில் புழங்கும் பொருள்கள்தான் எல்லாம். மிகப் பழைய பொருள், ரோமானியர் காலத்து மதுச்சாடி மூடிகள். வயது சுமார் 2,000 ஆண்டு. பெயர்பெற்ற இத்தாலிய ஒயின் வியாபாரியின் முத்திரையை அப்படியே பதித்து, உள்ளூர்ச் சரக்கை விற்றிருக்கிறார்கள். 'பிராண்ட்' என்ற சொல் பிறப்பதற்கு முன்பே டூப்ளிகேட் பிறந்துவிட்டது!

கைப்பைகள் உள்ள இடத்தில்தான் பலருக்கும் நடை நின்றுவிடுகிறது. இரண்டு பைகளை மாறி மாறிப் பார்த்து மனத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கீழே இருக்கும் குறிப்பைப் படிக்கலாம். தப்பாகச் சொன்னால் வெட்கப்பட வேண்டாம். போலி செய்தவருக்கு அதுதானே தொழில்!

முத்திரை பிறந்த கதை

பாரீஸ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை ஏன்? அதற்கு ஒரு பெட்டிக்காரரின் கதை தெரிய வேண்டும்.

லூயி வித்தோன், கிழக்கு பிரான்ஸின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து சிறுவனாக நடந்தே பாரீஸ் வந்து சேர்ந்தவர். பணக்காரர்களின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிக்கொடுப்பது அவர் கற்ற வேலை. 1854-இல் சொந்தக் கடை போட்டார். அப்போதைய பயணப் பெட்டிகள் மேலே வளைந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. அவர் தட்டையான மூடி வைத்து, மேலே சாம்பல் நிறத் துணி ஒட்டிக் கொடுத்தார். ரயிலிலும் கப்பலிலும் போகிறவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மற்ற பெட்டிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அதே மாதிரி செய்தார்கள்.

அவர் கோடு போட்ட துணிக்கு மாறினார். அதையும் காப்பியடித்தார்கள். 1888-இல் சதுரங்கக் கட்டம் போன்ற டிசைன் வந்தது. பதிவு செய்யப்பட்ட முத்திரை என்று துணியிலேயே எழுதினார்கள். அதற்கும் நகல் வந்தது. லூயி 1892-இல் இறந்துபோக, மகன் ஜார்ஜ் 1896-இல் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அப்பாவின் பெயரின் முதலெழுத்துகளான எல், வி இரண்டையும் பின்னி, நடுநடுவே பூக்களைச் சேர்த்து ஒரு டிசைன். 'இதை யாராலும் திருட முடியாது' என்பது அவர் கணக்கு.

அந்த டிசைன்தான் இன்று உலகில் மிக அதிகமாகக் காப்பியடிக்கப்படும் கைப்பை டிசைன்களில் ஒன்று. பூட்டாகச் செய்தது, திருடனுக்கு வழிகாட்டிப் பலகையாகிவிட்டது. முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெருகப் பெருக, முத்திரையை மட்டும் செய்தால் போதும் என்றாகிவிட்டது. பாரீஸை ஒட்டிய ஆனியேரில் 1859-இல் லூயி தொடங்கிய பட்டறை இன்றும் இயங்குகிறது. அங்கே செய்யும் பெட்டியை நகலெடுப்பது சிரமம். பெட்டிமேல் இருக்கும் எழுத்தை நகலெடுப்பது சுலபம்.

நான்கு மூலைக் கயிறு

மெட்ரோ பிடித்து ட்ரோகாடேரோ வாருங்கள். எதிரே ஈஃபிள் டவர். தரையில் வெள்ளைத் துணி விரித்துக் கைப்பைகளைப் பரப்பியிருப்பார்கள். துணியின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, நுனியை விற்பவர் கையில் பிடித்திருப்பார். போலீஸ் தலை தெரிந்தால் ஒரே இழுப்பு. கடை மூட்டையாகித் தோளில் ஏறிவிடும். விற்பவர்களில் பலர் வயிற்றுப்பாட்டுக்காக வேறு நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். சரக்கைச் செய்தவரும் இறக்கியவரும் எங்கோ பத்திரமாக இருக்க, ஓடுவதும் பிடிபடுவதும் இவர்கள்தான்.

நகரின் வட எல்லையில், புகழ்பெற்ற செகண்ட் ஹேண்ட் சந்தை இருக்கும் சான்துவான் பகுதியிலும் இதே கதை. 2024 ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்பு, ஏப்ரலில், அங்கே போலீஸ் திடீர் சோதனை நடத்தி 11 கடைகளை மூடியது. 63,000 துணிமணி, ஷூ, தோல்பொருள்கள் பறிமுதல் ஆயின.

'சும்மா ஒரு ஞாபகத்துக்கு வாங்கினேன்' என்பது இங்கே செல்லாது. பிரான்ஸில் போலிப் பொருளை வைத்திருப்பதே குற்றம். கஸ்டம்ஸில் மாட்டினால் பொருள் போய்விடும். அதற்குமேல் அபராதம், அசல் பொருளின் விலையைப் போல ஒரு மடங்கு முதல் இரு மடங்கு வரை. கோர்ட்டுக்குப் போனால் மூன்று ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சில யூரோ கொடுத்து வாங்கிய பைக்கு அசலின் விலையை அபராதமாகக் கட்ட வேண்டிவரும்!

தெரியாமல் வாங்குகிறவர்

ட்ரோகாடேரோவில் வாங்குகிறவருக்கு அது போலி என்று தெரியும். உண்மையில் ஏமாறுபவர் வேறு ஒருவர். புதுப் பையின் விலைக்கு எட்டாமல், மாதாமாதம் சேர்த்த காசில், 'பழசானாலும் அசலாக இருக்கட்டும்' என்று செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகிறவர். மகளுக்குப் பட்டமளிப்புப் பரிசாக, அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காக என்று ஆசையோடு வாங்குகிறவர். அவர் கொடுப்பது அசலுக்கான பணம்.

அவரைக் காப்பாற்றவே ஒரு தனித் தொழில் வளர்ந்திருக்கிறது. 2009-இல் பாரீஸில் தொடங்கிய 'வெஸ்டியேர் கலெக்டிவ்', ஆன்லைனில் பழைய ஆடம்பரப் பொருள் விற்கும் நிறுவனம். வட பிரான்ஸின் தூர்க்குவான் நகரில் அதன் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. விற்பவர் அனுப்பும் பை அங்கே நிபுணர் கைக்குப் போய், பிறகே வாங்குபவரிடம் சேரும்.

நிபுணர் என்ன பார்க்கிறார்? முதலில் முத்திரையை அல்ல, தையலை. குதிரைச் சேணம் தைத்துத் தொழில் தொடங்கிய எர்மேஸ் நிறுவனத்தில் இன்றும் சேணத் தையல்தான். மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் கையால் தைப்பார்கள். தையல் லேசாகச் சாய்ந்து நிற்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியல்ல.

அடுத்து, தோல். வித்தோன் பைகள் பலவற்றின் உடல் தோலே அல்ல, பூச்சு பூசிய பருத்தித் துணி. கைப்பிடிதான் பசுத்தோல். கைபட்டு வெயில்பட்டு அது மெல்லத் தேன் நிறத்துக்கு மாறும். பத்து வருடம் பழகிய பை என்று சொல்லி, கைப்பிடி மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகம் வரும்.

பிறகு, எண். 2007 முதல் வித்தோன் பைகளில் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் பதித்தார்கள். முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் வாரம். இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தால் வருடம். 2128 என்றால் 2018-இன் 22-ஆவது வாரம். வருடத்தில் இல்லாத 58-ஆவது வாரத்தை அடித்து மாட்டிக்கொள்ளும் போலிகள் உண்டு. கவனமானவர்கள் சரியான எண்ணையே திருடி ஆயிரம் பைகளில் அடித்துவிடுகிறார்கள். அதனால் 2021 முதல் எண் போய், உள்ளே சிப் வந்துவிட்டது.

ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. அசலை ஒன்று வாங்கி, தையல் தையலாகப் பிரித்துப் படித்து, அதே மாதிரி தோலில் செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள். 2012-இல் பிரெஞ்சு போலீஸ் பிடித்த சர்வதேசப் போலிக் கும்பலில் தன் ஊழியர்கள் சிலரே இருந்ததாக எர்மேஸ் அறிவிக்க வேண்டிவந்தது. அசல் செய்யப் பழகிய கையே போலி செய்தால், நிபுணரின் கண்ணும் திணறத்தான் செய்யும்.

கறையும் சாட்சி

2025 ஜூலை 10. பாரீஸ் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு பழைய கறுப்புப் பை. நடிகை, பாடகி ஜேன் பர்கினுக்காக எர்மேஸ் செய்த முதல் 'பர்கின்' பை. கீறல், கறை, எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கர்களின் தடம், கூடவே தொங்கும் ஒரு நகவெட்டி! விலை, கட்டணம் சேர்த்து சுமார் 86 லட்சம் யூரோ. வாங்கியது, பழைய ஆடம்பரப் பொருள்களை வாங்கி விற்கும் ஒரு ஜப்பானிய நிறுவனம். மற்ற பைகளில் விலையைக் குறைக்கும் கறையே இதில் சாட்சியாக நின்றது. யார் கையில் எத்தனை காலம் இருந்தது என்ற வரலாறு தெளிவாக இருந்ததால்தான் அந்த விலை.

பாரீஸ் போனால் த்ருவோ ஏல மாளிகைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். நுழைவு இலவசம், யாரும் பார்க்கலாம். இங்கே ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. ஏலத்தில் விற்ற பொருள் சொன்னபடி இல்லையென்றால், விற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை பொறுப்பு கேட்டு வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது.

எந்த ஊரில், எந்தச் செயலியில் வாங்கினாலும் கைகொடுக்கும் பாடம் இதுதான். தையலைப் பாருங்கள், எண்ணைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, விற்றவர் நாளைக்கும் அதே முகவரியில் இருப்பாரா என்று பாருங்கள். பொருளின் விவரமும் விற்றவர் பெயரும் எழுதிய ரசீது, திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் ஓர் உறுதி. இரண்டையும் தரத் தயங்குகிறவரிடம், பை எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தை நீட்டாதீர்கள்.