பற்றவைப்பின் பின்பக்கம்

என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து ஒன்றரைப் பக்கத்தை நீக்க வேண்டியிருக்கிறது. காரணத்தை நெறியாளருக்கு இரண்டு வரியில் எழுதிவிட்டேன். உலோகவியல் மாணவர்கள் சிலர் இப்பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

304 ரகத் துருவுறா எஃகை, அதாவது நம் வீட்டு எவர்சில்வரை, பற்றவைக்கும்போது இணைப்பின் இருபுறமும் உள்ள உலோகம் உருகாமலேயே சூட்டில் மாறிவிடுகிறது. ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் அது அதிக நேரம் தங்கினால், கரிமம் குரோமியத்தை இழுத்துக்கொண்டு மணிகளின் எல்லையில் கார்பைடாகப் படிகிறது. குரோமியத்தை இழந்த அந்த ஓரம் பிறகு அரிக்கப்படுகிறது. இதுவே என் ஆய்வுப் பொருள். நான்கு ஆண்டுகளாகத் தகடுகளை வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து, நுண்ணோக்கியில் பார்த்துவருகிறேன். தகடுகளைப் பற்றவைத்துத் தந்தவர் பணிமனையின் தற்காலிக ஊழியர். திருச்சி பெல் நிறுவனத்தில் கொதிகலன் குழாய்களின் அடி அடுக்கை டிக் முறையில் இடுவதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்ததையே கற்றதாகக் கருதிக்கொண்டிருந்தேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஊர் மாட்டுப்பட்டி. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்வோர் அணையில் படகேறிவிட்டுக் கடந்துபோகும் இடம். மாட்டுக்கு அவ்வூரோடு உள்ள உறவு பெயரோடு நின்றுவிடவில்லை. 1963இல் இந்திய–சுவிஸ் கால்நடைத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு கலந்து சுனந்தினி என்ற இனம் அத்திட்டத்தின் வழியே உருவானது. எங்கள் லயங்களிலும் தேயிலை வேலை போக மீதி நேரத்தில் மாடு வளர்ப்பவர்கள் உண்டு. பால் என்றால் எவர்சில்வர், எவர்சில்வர் என்றால் விரிசல், விரிசல் என்றால் பற்றவைப்பு. தம்பியின் கணக்கு அப்படித்தான் தொடங்கியது.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அடுத்த ஆண்டு ஓய்வு. வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்தும் சுவர் எங்களுடையதல்ல. தம்பிக்கு ஆர்க் வெல்டிங் நன்றாக வரும். ஆனால் தங்கும் விடுதிகளின் எவர்சில்வர் கைப்பிடிகளுக்கும் பால் பாத்திரங்களுக்கும் டிக் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகுவைத்து ஓர் இயந்திரம் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. எதை வாங்குவது என்று சொல்லவேண்டியவள் நான். "நீ படிச்சது இதுதானேக்கா?" என்றான்.

ஏசி, டிசி இரண்டும் தரும் இயந்திரத்தை வாங்கச் சொன்னேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடுப் படலமோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மாறுதிசை மின்னோட்டம் அப்படலத்தைக் கலைக்கும் என்று விளக்கினேன். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நோட்டைக் காட்டினான். கடந்த ஆறு மாதங்களில் அவனைத் தேடிவந்த வேலைகளின் பட்டியல். அலுமினியம் மூன்று, எவர்சில்வர் நாற்பதுக்கு மேல். டிசி மட்டும் தரும் இயந்திரம் ஏறக்குறையப் பாதி விலை. மிச்சப் பணம் ஆர்கானுக்கு. அந்த விவாதத்தில் நான் தோற்றேன்.

இரண்டு இடங்களில் என் படிப்பு உதவியது. இயந்திரத்தின் கையேட்டில், கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கே இந்த அளவுகள் பொருந்தும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. மாட்டுப்பட்டி ஏறத்தாழ 1700 மீட்டர். காற்று அடர்த்தி குறைவதால் விசிறி முழுதாகக் குளிர்விக்காது. எனவே தேவைக்கு மேல் திறனுள்ள 200 ஆம்பியர் இயந்திரத்தை எடுத்து, பாதி அளவிலேயே ஓட்டுவது என்று தீர்மானித்தோம். மாலையில் மின்னழுத்தம் சரியும் ஊருக்கும் அதுவே நல்லது. இன்னொன்று டங்ஸ்டன் கம்பி. கடைக்காரர் சிவப்பு முனைக் கம்பியை எடுத்துப் போட்டார். அதில் தோரியம் உண்டு, கதிரியக்கப் பொருள். முனையைத் தீட்டும்போது எழும் தூளைச் சுவாசிப்பது யார்? லாந்தனம் கலந்ததைத்தான் வாங்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஆர்கான் உருளை கீழிருந்து ஜீப்பில் மலையேறி வந்தது. ஏழு கனமீட்டர். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் என்றால் பதினான்கரை மணி நேரம் எரியும் என்று காகிதத்தில் கணக்கிட்டுக் கொடுத்தேன். தொடங்குமுன் கொஞ்சம் விடவேண்டும், அணைத்தபிறகு டங்ஸ்டன் ஆறும்வரை விடவேண்டும், பழகும் கை வீணாக்குவது தனி. எங்கள் முதல் உருளை பத்து மணி நேரம்கூட வரவில்லை.

கற்றுக்கொண்டது இருவரும் சேர்ந்துதான். ஆர்க் வெல்டிங்கில் ஒரு கை போதும். இங்கே வலக்கையில் டார்ச், இடக்கையில் நிரப்புக்கம்பி. முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். தொட்டால் டங்ஸ்டன் கெட்டது. விலகினால் சூடு பரந்து தகடு வளைகிறது. முதல் நாள் பாதி நேரம் கிரைண்டரில் முனை தீட்டிக்கொண்டிருந்தேன். நீளவாக்கில் தீட்டவேண்டும், குறுக்கே தீட்டினால் வில் அலையும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் குறுக்கே தீட்டினேன். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டுக்கு ஐம்பது ஆம்பியர் என்று புத்தகம் சொல்லும். உருகிய குட்டை கண்ணாடிபோல் பளபளத்து முன்னே நகரும் கணத்தில் கம்பியைத் தொட்டு எடுக்கவேண்டும் என்பதை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. தம்பிக்கு மூன்று நாளில் வந்தது. எனக்குப் பன்னிரண்டு நாள்.

மூன்றாம் வாரம் ஒரு பால் கேனின் அடிப்பகுதி வந்தது. வெளியே இழை அடுக்கியதுபோல் அழகான கோடு, தங்க நிறம். தம்பி அதைப் படம்பிடித்துக்கொண்டிருக்கையில், தொழிற்சாலையிலிருந்து வந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் கேனுக்குள் கையைவிட்டுத் தடவினார். விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். "இதுல பால் ஊத்துவீங்களா?" என்றார்.

உள்பக்கம் கருகிப் பொரிந்திருந்தது. முன்பக்கத்தை ஆர்கான் காத்தது; பின்பக்கத்தில் காற்று உயிர்வளியோடு காத்திருந்தது. சூடான குரோமியம் ஆக்சைடாகிச் சொரசொரவென்று நின்றது. அந்தக் குழிகளில் பால் தங்கும், எத்தனை முறை கழுவினாலும் கிருமி போகாது. பின்பக்கத்துக்கும் ஆர்கான் செலுத்தவேண்டும் என்பது என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலேயே இருக்கிறது. நானே எழுதியது. கேனின் வாயைத் தாளும் ஒட்டுநாடாவும் கொண்டு மூடி, ஒரு குழாயில் ஆர்கானை உள்ளே நிரப்பி, கருகியதை அரைத்தெடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தோம். அப்பா திரும்பவும் கையை விட்டார். இம்முறை உள்ளே போய்த் தேநீர் கேட்டார்.

இன்னொரு பாடத்தை ஊரே தந்தது. அணையிலிருந்து காற்று எழும் பிற்பகல்களில் எங்கள் இணைப்புகள் சாம்பல் நிறமாகித் துளை துளையாக வந்தன. நான் தகட்டின் வேதிச்சேர்க்கையைச் சந்தேகித்தேன். தம்பி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். துளைகள் நின்றன. அந்தத் துளைகளைப் பார்த்தவுடன் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வடிவத்தில், அதே வரிசையில் அவற்றை நான் நுண்ணோக்கியில் நூறு முறை பார்த்திருக்கிறேன். நான்காம் இயலில் ஒன்றரைப் பக்கம் அவற்றுக்குத்தான் விளக்கம் எழுதியிருக்கிறேன். மூலத் தகட்டின் வேறுபாடே காரணம் என்று.

விடுமுறை முடிந்து திரும்பியதும் பணிமனைக்குப் போனேன். அந்தத் தகடுகள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு பழைய நாட்குறிப்பைப் புரட்டினார். "அன்னைக்கு வெயில் தாங்காம ஃபேன் போட்டிருந்தாங்க மேடம். ரெண்டு தகட்டுல கேஸ் கலைஞ்சிருச்சு. மாத்திப் போட்டுத் தரவான்னு கேட்டேன். அவசரம்னு எடுத்துட்டுப் போயிட்டீங்க." தேதியும் தகட்டு எண்ணும் குறிப்பில் இருந்தன. அவர் கேட்டது எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பார், அந்த வாரம் ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தது.

அவ்விரு தகடுகளின் தரவுகளை நீக்கியபின் என் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் குறைகின்றன. வளைகோடு முன்னைவிட மந்தமாக ஏறுகிறது. முடிவுரையில் ஒரு வாக்கியம் வலுவிழக்கிறது. மாற்றுத் தகடுகளை அடுத்த வாரம் அவரோடு சேர்ந்து பற்றவைக்கப்போகிறேன். பணிமனையில் அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கிடைக்காவிட்டால் மாட்டுப்பட்டியில் ஒரு பட்டறை இருக்கிறது. முனை தீட்டித் தருவதென்றால் இடம் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்; நீளவாக்கில்.